சதை பிடித்த முகம்

கொழும்பில் என் ஒவ்வொரு நாளும் கணைக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பதில் தொடங்குகிறது. விரலை எடுத்த பிறகும் குழி மறைவதில்லை. காலையில் இமை கனத்து முகம் அதைத்துக் கிடக்கும். தேயிலைக் கிட்டங்கியில் பெட்டிகளுக்குச் சீட்டெழுதி முடிக்கும் மாலையில் முகம் வடிந்து கால் இன்னும் வீங்கியிருக்கும்.

சமைத்துப்போடும் சிங்கள அம்மாளிடம் "லுணு எப்பா", உப்பு வேண்டாம், என்றேன். வைத்தியர் சொன்ன பத்தியம் அது. அவளோ நான் ஏதோ நோன்பு இருப்பதாக எண்ணி என்னைக் கும்பிடத் தொடங்கிவிட்டாள். நோய் என்று விளக்க எனக்குச் சிங்களம் போதவில்லை.

வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு விளக்குச் சுடரில் சூடாக்கினார். அது வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோலத் திரைந்துபோனது. கோளாறு சிறுநீரகத்தில் என்றார்.

"குண்டிக்காய் கெடுகிறதிலை இரண்டு விதம் இருக்கு. ஒண்டு காய்ச்சல், சிரங்குக்குப் பிறகு திடீரெண்டு வரும், அநேகமாய் மாறிப்போகும். மற்றது சத்தமில்லாமல் வருசக்கணக்காய் வரும், மாறாது. முதல் விதத்தைக் கவனியாமல் விட்டாலும் இதிலை வந்து முடியும். சின்ன வயதிலை முகம் வீங்கினதோ?"

வீங்கியது. எட்டு வயதில், ஸ்ரீவைகுண்டத்தில், உடம்பெல்லாம் வந்த சிரங்கு ஆறிய கையோடு. மூத்திரம் இறைச்சி கழுவிய தண்ணீர்போலப் போனது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஒல்லிப்பிள்ளை வளர்க்கிறாள் என்று பேச்சு வாங்கிய அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். "எம் பிள்ளைக்குச் சதை பிடிச்சிட்டு, பாத்தியளா" என்று அணைக்கட்டுப் பக்கம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினாள். அவள்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது.

இப்போது அவள் சொல்ல, ஊரில் எங்கள் கிறிஸ்தவ சபையின் உபதேசியார் எழுதிய கடிதம் வந்திருக்கிறது. நான் அனுப்பிய புகைப்படம், என் கெட்ட காலம், காலை வேளையில் பிடித்தது.

"ஐயா, ஒன் மூஞ்சி நல்லா நெறஞ்சிருக்கு. கொழும்புத் தண்ணி ஒத்துக்கிட்டு. சீவலப்பேரியில பொண்ணு வீட்டுல படத்தப் பாத்ததுமே சம்மதிச்சிட்டாவ. வார ஞாயித்துக்கெழம மொத ஓல வாசிக்காவ. வெரசா கெளம்பி வந்துரு."

அந்த ஞாயிறு இன்றுதான். எனக்கு வந்திருப்பது குணமாகாத அந்த இரண்டாவது விதம் என்று வைத்தியர் சொல்லி ஒரு மாதமாகிறது. ஊருக்கு ஒரு வரி எழுதவில்லை, பயம். போனால் முகம் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுப்பேன், எழுதினால் அம்மாவைக் கொல்வேன்.

இந்நேரம் எங்கள் வேதக்கோயிலில் கல்யாண ஓலையில் எங்கள் இருவர் பேரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் கேட்டிருப்பார். யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். சம்மதம் வாங்கிய முகம் அங்கே அம்மாவின் கையில் இருக்கிறது. தடையைச் சொல்லவேண்டிய வாய் இங்கே, உப்பில்லாத சோற்றை மென்றுகொண்டிருக்கிறது.