துவக்குப் பெட்டியும் தவமணி அக்காவும்

நேற்றுக் காலை தவமணி அக்காவின் மகள் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து அழைத்தார். "அம்மா எங்களை விட்டுப் போயிட்டா, அண்ணா" என்றார். தொலைபேசியை வைத்ததும் எனக்குப் பயம் வந்தது. எனக்கு எதற்கும் பயம் வரும். அதை அதிகம் பார்த்தவர் அக்காதான்.

நோர்வேயில், ஹொல்ம்லியாவில் அவர் நடத்திய பழைய சாமான் கடையில் வேலை செய்தேன். இறந்தவர்களின் வீடுகளை ஒழிக்கும்போது கிடைப்பவற்றை இனம் பிரித்து இணையத்தில் விற்போம். அக்காவுக்குத் தெரியாத சாமானே இல்லை என்பார்கள். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே சின்ன வளையங்கள், கண் வைத்துப் பார்க்கும் குழல், தோல்வார், அடியில் ஓர் உருக்குத் துண்டு. "கமராச் சாமான்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் படமெடுத்துப் போட்டோம்.

மறுநாள் படத்தைப் பார்த்துவிட்டு வந்த நோர்வேக் கிழவர் ஒருவர் குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான பழைய துவக்கின் பாகங்களாம். குழலையும் வாரையும் தானே வாங்குவதாகச் சொன்னார். பிறகு உருக்குத் துண்டைக் காட்டினார். அது போல்ட், குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற பாகம். அனுமதியில்லாமல் வைத்திருக்கவே கூடாது என்றார்.

என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. ஊரில் இராணுவம் ஒருமுறை சுற்றிவளைத்தபோது எங்கள் வீட்டு வளவில் வெற்றுத் தோட்டா ஒன்று கிடந்ததற்காக என் அண்ணாவைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. போல்டைக் கடலில் எறிந்துவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

அவருக்கும் முகம் வியர்த்திருந்தது. "எனக்கும் பயமாத்தான் கிடக்கு, தம்பி. ஆனா எறிஞ்சா, பிறகு காலம் முழுக்கப் பயந்துகொண்டெல்லோ இருக்கவேணும்" என்றார். படத்தை நீக்கிவிட்டுப் பொலிசுக்குத் தாமே அழைத்தார். துவக்குச் சாமானோடு ரயிலில் ஏறமாட்டேன், அவர்களே வந்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

வெளியே கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் எட்டிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு இளம் பொலிசார் வாசலில் நின்றார்கள்.

"நீர் பின்னுக்கு நில்லும். நான் முன்னுக்குப் போறன்" என்றார் அக்கா.

தெரிந்த நோர்வே மொழியில் பொலிசாரிடம் சொன்னார்: பெட்டியை வாங்கியது நான், படம் போடச் சொன்னதும் நான், இந்தப் பெடியன் பெட்டி தூக்கியவன் மட்டுமே. எல்லாம் உண்மைதான். போல்டை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை விற்கலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கதவு மூடியதும் அக்கா கதிரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

எனக்குக் குடியுரிமை கிடைத்தது. கிழவர் வந்து குழலையும் வாரையும் வாங்கிப் போனார்.

நாளை இறுதிக் கிரியை. அந்த மண்டபத்துக்குள் நுழைய எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இந்த முறையும் நீங்களே முன்னுக்குப் போய்விட்டீர்கள். நான் பின்னுக்குத்தான் நிற்கிறேன். போய் வாருங்கள்.