இரண்டு நூல் தள்ளி நின்ற சுவர்

அரைநூல் மேஸ்திரி என்றால் கட்டட வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் பெண்டாட்டியே ஒரு நிமிஷம் யோசிப்பாள். அங்குலத்தை எட்டாக வகுத்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். அதில் பாதி பிசகினாலும் மனுஷன் கலவை அள்ளும் கரணையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நிற்பார். "அரை நூல்தானே மேஸ்திரி, பூச்சுல மறைஞ்சிடும்" என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தான். "பூச்சு என்ன, உன் பாவத்தை மூடுற போர்வையா?" என்று ஆரம்பித்து டீ வருகிற வரைக்கும் அர்ச்சனைதான். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருக்கும்.

அவருக்கு ஒரு மச்சான், பெண்டாட்டியின் தம்பி. அவனும் கொத்தனார்தான், பல வருஷமாக அதே கூட்டத்தில் வேலை. ஒரு காலத்தில் இருவரும் ஒரே சாரத்தில் நின்றுகொண்டு வம்பு பேசிச் சிரிக்கிற சிரிப்பில், கீழே கலவை போடுகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இப்போது நாலு வருஷமாகச் சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. சுத்தமாக இல்லையா என்று கேட்காதீர்கள், வேலை நடக்க வேண்டுமே! "கலவை வேணும்." "சாரம் ஒரு அடி ஏறணும்." "லிண்டல் நாளைக்கு." அவ்வளவுதான். அத்தான் என்று கூப்பிடுவதை மச்சான் நிறுத்திவிட்டான். வாங்க போங்க சொல்ல மனசில்லை, வா போ சொல்ல வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் யாரிடமோ சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான். நல்லது கெட்டதுக்குக்கூட அக்கா வீட்டு வாசலை மிதிப்பதில்லை. "கட்டினவருக்கும் கூடப் பொறந்தவனுக்கும் நடுவுல நான் கிடந்து அல்லாடுறேன். அப்படி என்னதாங்க அந்தச் சுவரு?" என்று அவள் கேட்காத நாளில்லை.

அந்தச் சுவர்தான். நாலு வருஷத்துக்கு முன், ஒரு மாடி வேலையில், மச்சான் காலையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கட்டி நிறுத்தியிருந்தான். அரைநூல் வந்து தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். கயிற்றின் மேலே ஒரு மரக்கட்டை. அதைச் சுவரின் உச்சியில் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால், கீழே தொங்குகிற இரும்புக் குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். குண்டு இரண்டு நூல் தள்ளி நின்றது.

"இடி."

"அத்தான், நான் ரசமட்டம் வச்சுப் பாத்தேன். இன்னொரு தடவை பிடிங்க."

"எனக்கே கணக்குச் சொல்றியா? இடிடா!"

இருபத்தைந்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.  ஈரம் காயாத சுவரை மச்சான் தன் கையாலேயே தள்ளினான்.

அன்று சாயந்திரம் குழாயடியில் சாமான்களைக் கழுவும்போதுதான் அரைநூல் அதைக் கவனித்தார். அவரிடம் குண்டு இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் கட்டை. சிறிய குண்டின் கயிற்றில் பெரிய குண்டின் கட்டை கோத்திருந்தது. கட்டை அகலமானால் நேர் சுவரிலும் குண்டு தள்ளித்தானே நிற்கும்! கோத்தது சாட்சாத் அவரேதான். சுவர் நூல் பிடித்தாற்போல நேராக நின்ற சுவர்! நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் போனால், மச்சான் புதுச் சுவரைப் பாதி எழுப்பிவிட்டு, இவர் தலையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரி, வாரக் கடைசியில் சொல்லலாம், மாதம் பிறந்ததும் சொல்லலாம். நாள் போகப் போக அந்தப் பேச்சு வாய்க்கு வராமலே போயிற்று. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. என்னைக் கேட்டால் இது வீம்பு இல்லை, பயம். அரைநூல் என்கிற பெயர் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்கிற பயம்.

இப்படியிருக்க, ஒரு நாள் இன்ஜினியர் அம்மா அவரைத் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பக்கத்துல இன்னொரு கட்டடம் ஆரம்பிக்கிறோம். அதுக்கு உங்க மச்சானை மேஸ்திரியாப் போடலாம்னு பாக்குறேன். ஆனா அவர் கட்டின சுவரை நீங்களே இடிக்க வச்சீங்களாமே? இன்னிக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நீங்க சரின்னு சொன்னா போடுறேன். இல்லேன்னா வெளியாள் பாத்துக்கறேன்."

தாராளமாகப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அதற்கப்புறம்? கோணல் சுவர் கட்டினவன், அத்தான் தயவில் மேஸ்திரி ஆனவன் என்றுதானே பேசுவார்கள்? அவன் சொல்லை எவன் மதிப்பான்?

"அம்மா, டீ நேரத்துல கொஞ்சம் வெளிய வாங்க. எல்லாரும் இருக்கும்போது ஒண்ணு சொல்லணும்" என்றார்.

டீ வந்தது. அன்று காலை மச்சான் கட்டிய சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அரைநூல் சிறிய குண்டில் பெரிய கட்டையைக் கோத்துப் பிடித்தார். குண்டு இரண்டு நூல் தள்ளி நின்றது. கட்டையை மாற்றிக் கோத்துப் பிடித்தார். குண்டு சுவரோடு ஒட்டி நின்றது.

"பாத்துக்கிட்டீங்களா? அன்னிக்கு நடந்தது இதுதான். அந்தச் சுவர் நேராத்தான் இருந்துச்சு. கட்டையை மாத்திக் கோத்தது நான். அன்னிக்கு சாயந்திரமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன்."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் கலவை போடுகிற அக்கா, பட்டென்று. யாரும் சிரிக்கவில்லை. "அப்போ புதுக் கட்டடத்துக்கு மேஸ்திரி அவர்தான்" என்று இன்ஜினியர் அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மச்சான் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனான்.

அதற்காக வேலை நிற்குமா? பிற்பகலில் எல்லா அறைகளிலும் ஒரே உயரத்துக்குக் கோடு போட வேண்டியிருந்தது. அதற்கு நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடிப்பார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும், அங்கே கோடு கிழிக்கலாம். இந்த அறையில் அரைநூல், அடுத்த அறையில் மச்சான், நடுவில் சுவர். டியூப் மட்டும் கதவு வழியாக வளைந்து போனது.

"நாலு வருஷம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "நாலு வருஷமா நான் கட்டுற ஒவ்வொரு சுவரையும் மூணு மூணு தடவை பிடிச்சுப் பாக்குறேன். எனக்கே என் கை மேல நம்பிக்கை போச்சு. கனவுலகூடச் சுவர் சாயுது. அது உங்களுக்குத் தெரியுமா?"

அரைநூலுக்குத் தெரியாது. தன் பெயரைப் பற்றி நாலு வருஷம் கவலைப்பட்டவர், அவன் கையைப் பற்றி ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. 

"கேக்குதா?"

"கேக்குதுடா. தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு."

 டியூபைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார்.

"அத்தான்."

"ம்?"

"தண்ணி இங்க நிக்கவே மாட்டேங்குது. ஆடிக்கிட்டே இருக்கு. அழுறீங்களா?"

"ஆமாடா."

"முனையை விரலால அடைச்சுப் பிடிங்க. நான் அங்க வர்றேன்."