கைலாசத்துப் பனி

எங்கள் வீட்டில் மடி ஆசாரம் பார்க்கிறவர் என்று யாரும் கிடையாது, என் சித்தப்பாவைத் தவிர. அதுவும் எனக்கு ஏழு வயது முடிந்த பிறகு திடீரென்று அவரைப் பிடித்துக்கொண்ட ஆசாரம். கிதர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் கொதிகலன் குழாய்களுக்கு வெள்ளை நார் சுற்றுகிற வேலை அவருக்கு. சாயங்காலம் டாலிகஞ்சில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தால் நேரே உள்ளே நுழைய மாட்டார். கொல்லைக் குழாயடியில் சட்டையையும் பேண்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தலையோடு குளித்த பிறகுதான் என்னைத் தூக்குவார். அந்தத் துணியை அம்மா தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவரே தோய்ப்பார். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால், "தொடாதேடி, தள்ளிப் போ!" என்று கத்துவார்.

"கோயில் குருக்களே தோத்தார் போ!" என்று அப்பா சிரிப்பார். அப்பாவின் ஆலை லாக்-அவுட்டாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிரிப்பதற்கு அவருக்கு வேறு விஷயம் அதிகம் இருக்கவில்லை.

கொலுவில் கைலாச மலை கட்டுவது என் பொறுப்பு. எனக்கு ஏழு வயதான வருஷம் மலைமேல் பனிக்காகப் பஞ்சு வைத்திருந்தேன். அகல் விளக்குப் பட்டுப் பற்றிக்கொண்டு, சிவனுக்குப் பாதி முகம் கருகிவிட்டது. அழுத என்னைத் தேற்றுவதற்காகச் சித்தப்பா, "எங்க பட்டறைப் பஞ்சை வெச்சிருந்தா நெருப்புல போட்டாலும் எரியாது, தெரியுமோ!" என்று பெருமையடித்திருந்தார்.

அதை நான் மறக்கவில்லை. எட்டு வயதில் அடுத்த கொலு வந்தபோது கேட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது மட்டும் வேண்டாம். வேற எது வேணா கேளு" என்றார். இடையில் நடந்தது ஒன்றுதான். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பீகார் மிஸ்திரி, பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கி, ஊருக்குப் போய்ச் செத்துப்போனார். காசநோய் என்றார்கள். மிஸ்திரி எனக்குக் கொண்டுவரும் எள்ளு மிட்டாய் நின்றுபோனதில்தான் எனக்கு வருத்தம்.

நான் விடுவேனா? சித்தப்பா உள்ளே சாப்பிடும் நேரமாகப் பார்த்து, பேண்ட் மடிப்பிலும் கான்வாஸ் பையின் மூலைகளிலும் ஒட்டியிருந்த வெள்ளை நாரை ஒரு வாரம் சுரண்டிச் சுரண்டிப் பவுடர் டப்பாவில் சேர்த்தேன்.

நவராத்திரியின் ஆறாம் நாள், சஷ்டியன்று சாயங்காலம் தெருமுனைத் துர்கா பூஜைப் பந்தலில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் வீட்டுக்கார வங்காளி அம்மாள் பேரக் குழந்தைகளுடன் கொலு பார்க்க வந்திருந்தார். என் மலைமேல் பனி. அகலைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். எரியவில்லை. "கீ ஷுந்தோர்!" என்று அழகை மெச்சினார் மாஷிமா. எனக்குத் தலைகால் புரியவில்லை. டப்பாவில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் கொட்டி ஊதினேன். எல்லார் தலையிலும் பனி பெய்தது.

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே வந்த சித்தப்பா பார்த்தார். என் கன்னத்தில் ஒரே அறை. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. குழந்தைகளை வெளியே விரட்டினார். குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கொலுவின் மேலேயே கொட்டினார். மண் பொம்மைகளின் சாயம் படிப்படியாக வழிந்தது.

"ஐயோ, நவராத்திரியும் அதுவுமா!" என்று அம்மா அலறினாள். "துர்கா, துர்கா" என்றபடி மாஷிமா மாடியேறினார். "புத்தி பேதலிச்சுப் போச்சாடா உனக்கு?" என்றார் அப்பா.

"ஆமா" என்று மட்டும் சொன்னார் சித்தப்பா. என்னை இழுத்துப்போய்க் குழாயடியில் பாவாடையோடு உட்காரவைத்து, தலை, மூக்கு, வாய் எல்லாம் கழுவினார். பிறகு முட்டி போட்டு, ஈரத் துணியால் கூடம் முழுவதையும் துடைத்தார்.

பல வருஷம் கழித்து, சித்தப்பாவின் நுரையீரல் உறையில் வந்த புற்றுநோயைக் காட்டி, ஆஸ்பெஸ்டாஸ் நாரில் வேலை செய்தவரா என்று டாக்டர் கேட்டார். நார் என்றதும் அந்தப் பனி நினைவுக்கு வந்து, நான் ஆமாம் என்றேன். அதுவரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைத் தகடு என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். நோயின் பெயர் தெரியாவிட்டாலும், அந்த நார்தான் ஆளைக் கொல்கிறது என்று மிஸ்திரியைப் பார்த்தே சித்தப்பா புரிந்துகொண்டிருக்கிறார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அப்பா அவரை வேலைக்குப் போகவிட்டிருக்க மாட்டார். அடுப்பும் எரிந்திருக்காது.

அந்தச் சஷ்டிக்கு மறுநாள் காலை, இனி அவரோடு பேசுவதில்லை என்ற வைராக்கியத்தோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். ஆணியில் தொங்கிய அதே சட்டையைச் சித்தப்பா உதறாமல் எடுத்து மாட்டிக்கொண்டார். "போயிட்டு வரேண்டி" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்மேல் ஒரு சிட்டிகை படக்கூடாதென்று கொலுவையே பாழாக்கியவர், தான் மட்டும் ஏன் அதைப் போட்டுக்கொண்டு போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவருடைய டிபன் கேரியரில் அம்மா எலுமிச்சை சாதம் கட்டியிருந்தாள். மத்தியானம் எங்களுக்கும் அதுதான். நன்றாக இருந்தது என்று நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.