கலா இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம்தான் குடியிருக்கிறேன். ஆற்றங்கரையில் திதி கொடுக்க வருகிற கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பியதே இல்லை. நீங்களும் நம்ப வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

நானும் என் மனைவி கலாவும் சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்து வந்தோம். யாரிடமும் போய்ப் படித்ததில்லை, தட்டித் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நான் மொட்டைமாடி ரூமில், அவள் கீழே முன்னறையில். இரண்டு பேரும் அவரவர் பெயரிலும் பாஸ்வேர்டிலும் ஒரே வெப்சைட்டுக்குள் போய்ப் பக்கங்களை எழுதுவோம், திருத்துவோம். ஒருவர் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை இன்னொருவர் திறந்தால், இன்னார் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கட்டம் வந்து தடுக்கும்.

கலாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அதனால் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தின் கடைசியிலேயே எனக்கு ஒரு வரி போட்டுவிடுவாள். 'டீ ஆறுது, வாங்க.' 'மோட்டார நிறுத்துங்க.' படித்தவர்தான் அந்த வரியை அழிக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். கேள்வியாக இருந்தால், படிக்கட்டுப் பக்கம் வந்து குரல் கொடுத்துப் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.

ஒருமுறை நான் அழிக்க மறந்து அப்படியே வெளியிட்டுவிட்டேன். துறையூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் முத்தையா அண்ணன் போனில் வந்தார்.

"தம்பி, பெரிய வாணலி படத்துக்குக் கீழ 'பொரியல் தீஞ்சுபோச்சு, திட்டாதீங்க'ன்னு போட்டிருக்கே, இது நம்ம வாணலியில பண்ணதா?"

ஸ்பீக்கரில் போட்டேன். "இல்லண்ணே, எங்க வீட்டு வாணலி. உங்களது மேல பழி வேணாம்" என்று கீழேயிருந்து கலா கத்தினாள். அன்று முழுக்கச் சிரித்தோம்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

முத்தையா அண்ணன் வெப்சைட்டில், சோதனைக்காக வைத்திருந்த ஒரு பக்கம் உண்டு. அதை வெளியிட்டதே இல்லை. கலா போன பிறகும் நான் அதில் வரி போடுவதை நிறுத்தவில்லை. 'சாப்பிட்டேன்.' 'மழை வருது, துணிய எடுத்துட்டேன்.' அழிக்க ஆளில்லாமல் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. பைத்தியக்காரத்தனம்தான். அந்த வீட்டில் எனக்கு வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் முத்தையா அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துக் கடைக்காரர் வெப்சைட்டுல எவனோ பழைய ஆள் பேர்ல பூந்துட்டானாம். நம்மதுலயும் புழங்காத பேரையெல்லாம் எடுத்துரச் சொல்றாங்க. பாப்பா பேரு கூட…" கலாவை அவர் பாப்பா என்றுதான் சொல்வார்.

கலா பெயரை நீக்கப் போனேன். இவர் எழுதியதையெல்லாம் அழித்துவிடவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று வெப்சைட் கேட்டது. அந்தக் கடையின் ஒவ்வொரு பாத்திரத்தைப் பற்றியும் எழுதியது அவள். ஒவ்வொன்றின் கீழும் அவள் பெயர். ரேஷன் கார்டிலிருந்து ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இங்கேயும் போய்விட்டால் அவள் பெயர் எங்கேதான் இருக்கும்? இருந்தும் என் பெயருக்கு மாற்றச் சொல்லித் தேர்ந்தெடுத்தேன். கடைசி பட்டனை அழுத்துமுன் அந்தச் சோதனைப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன்.

கட்டம் வந்து நின்றது. கலா இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார்.

நம்புங்கள், எவனோ புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பாஸ்வேர்டை மாற்றினேன். எங்கே திறந்திருந்தாலும் வெளியேற்றும்படி செய்தேன். மறுபடி திறந்தால் அதே கட்டம். கீழே ஓடினேன். முன்னறையில் அவள் நாற்காலி மேசைக்கு அடியில் தள்ளியபடியே இருந்தது. அவள் போன் பீரோவில் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. அவள் லேப்டாப்பை, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, லால்குடியில் அவள் தங்கை மகளுக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் போன் போட்டேன்.

"பெரியப்பா, நாங்க சமயபுரத்துல கூட்டத்துல நிக்கிறோம். லேப்டாப் வீட்டுல பூட்டிக் கிடக்கு. ஏன், குரலே சரியில்லையே, சாப்பிட்டீங்களா இல்லியா?"

மேலே வந்தபோது கட்டம் இல்லை. பக்கம் திறந்தது. மாதக்கணக்கில் நான் போட்ட வரிகளில் ஒன்றுகூட இல்லை, வெள்ளையாக இருந்தது. யார் என்ன மாற்றினார்கள் என்று காட்டும் இடத்தைப் பார்த்தேன். யாரோ நின்று நிதானமாகப் படித்தது போல, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக அழிக்கப்பட்டிருந்தது. அழித்தவர் பெயர் கலா.

"அண்ணே, அந்த ஒரு பேர மட்டும் எடுக்கல" என்று முத்தையா அண்ணனிடம் சொன்னேன்.

அவர் பாத்திரம் அடுக்குகிற சத்தம் போனில் கேட்டது. அடுக்கிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும் தம்பி. எங்கம்மா பேரு வெட்டின குடத்த நானும் வாடகைக்கு விடறதில்ல."

அன்று சாயங்காலம் அந்த வெள்ளைப் பக்கத்தில், 'எங்க இருக்க?' என்று போட்டேன்.

அதற்குப் பிறகு நான் போடும் வரி எதுவும் மறுநாள் இருப்பதில்லை. 'சாப்பிட்டேன்' போய்விடுகிறது. 'கேஸ் வந்துச்சு' போய்விடுகிறது. அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது, இன்று காலையிலும் பார்த்தேன். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது, அதற்குக் கீழே போட்டதையெல்லாம் படித்தாகிறதே. ஆனால் அவள் சட்டப்படி, கேள்வியை அழிக்குமுன் படிக்கட்டுப் பக்கம் வந்து குரல் கொடுக்க வேண்டும்.

படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார இப்போதெல்லாம் என்னால் முடிவதில்லை. ஆனாலும் மாடிக் கதவை நான் சாத்துவதில்லை.