மயில் கழுத்து நிறம்

ஸ்டீயரிங் மேல் ஓர் அட்டையைச் சாய்த்து, அதன்மேல் வண்ணப் புத்தகத்தை விரித்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு ஒரு தாமரை இதழின் ஓரத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அழைப்பு வந்தால் பென்சில் காதுக்கு ஏறும், புத்தகம் இருக்கைக்கு அடியில் போகும், முகவரி சொல்லி முடிப்பதற்குள் வண்டி வாசலைத் தாண்டியிருக்கும். நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பியதும் விட்ட இதழிலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி போடுவார்.

ஆறடி உயரம். அவர் இறங்கினால் வண்டியே ஒரு மூச்சு விட்டு நிமிரும். அப்படிப்பட்ட ஆள் கடையில் போய் நின்றால், "பேத்திக்கா சார்?" என்று கேட்பார்கள். "இல்லம்மா, எனக்குத்தான். பூ நெறைய இருக்கறதா குடு" என்பார், கூச்சமே இல்லாமல்.

இன்னொரு பித்து, துப்பறியும் நாவல்கள். ரத்தம் தெறிக்கிற ரகம் அவருக்கு ஆகாது. சின்ன ஊர், ஒரு ரொட்டிக்கடை, ஒரு பூனை, எல்லார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைக்கிற ஓர் அம்மாள். இவ்வளவு போதும்.

"நாள் பூரா நாம பார்க்கறது போதாதா அண்ணே, கொலைக் கதை வேறயா?" என்று வண்டியில் அவருடன் போகும் செவிலி ஒருமுறை கேட்டாள்.

"அதுல ஆளு முதல் பக்கத்துலயே போயிடறான் சிஸ்டர். காப்பாத்த யாரும் ஓட வேண்டாம். நிதானமா உக்காந்து யோசிச்சா போதும்."

புத்தகம் வாங்கியதும் கடைசி அத்தியாயத்தை பிளேடால் அறுத்து அவளிடம் கொடுத்துவிடுவார். அது பஞ்சுச் சுருளுக்கும் கையுறைப் பெட்டிக்கும் நடுவில் கிடக்கும். கொலையாளி இன்னார் என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே அவள் அதைத் திருப்பித் தர வேண்டும். "எட்டிப் பார்த்தீங்கன்னா சிநேகிதம் கட்" என்று மிரட்டி வைத்திருந்தார். அவளும் எட்டிப் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு மதியம், ஜன்னல் வழியாக அவர் புத்தகத்தைப் பார்த்தவள் கேட்டாள்: "மயில் கழுத்துக்கு ஏன் அண்ணே கறுப்பு?"

"கறுப்பா? நல்லாப் பாருங்க. நீலம்."

அவள் பென்சிலை வாங்கித் தன் வெள்ளைச் சட்டையின் கைமேல் வைத்துக் காட்டினாள். அவர் சிரித்தார். பென்சிலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

இன்னொருவராக இருந்தால் புத்தகத்தை மூடியிருப்பார். அவர் இருக்கைக்கு அடியிலிருந்த பழைய புத்தகங்களையெல்லாம் எடுத்து ஸ்ட்ரெச்சர்மேல் தேதிவாரியாகப் பரப்பினார். "என் கண்ணை நம்ப வேண்டாம். நீங்க நிறத்தைச் சொல்லுங்க, நான் எழுதறேன்." போன வருஷத்துக் கடல் நல்ல நீலம். ஆறு மாதத்துக்கு முந்திய கத்தரிப்பூ கொஞ்சம் பழுப்பு. மூன்று மாதத்துக்கு முந்திய வானம் சாம்பல். அதற்கப்புறம் நீலமே இல்லை.

"சாட்சியெல்லாம் ஒரே ஆளைத்தான் காட்டுது சிஸ்டர்" என்று தன் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, விரலால் தட்டினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "புரை விழுந்திருக்கும் அண்ணே. சின்ன ஆபரேஷன்தான். லீவு போட்டுட்டுக் காதும் காதும் வெச்ச மாதிரி பண்ணிக்கலாம். உங்களுக்குக் கண் டெஸ்ட் வர இன்னும் ஏழு மாசம் இருக்கு. இப்பவே மேல சொன்னா டெலிபோன் ரூம்ல உக்கார வெச்சிடுவாங்க. உங்க வயசுக்கு அப்புறம் வண்டியைத் தருவாங்களா?"

இருபத்தாறு வருஷம் ஓட்டியவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"காலையில மேம்பாலத்துக்குக் கீழ பிரேக் போட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"நாய் குறுக்க வந்துதுன்னீங்களே?"

"பொய். ஒரு நீல வேன் நின்னுட்டிருந்தது. எனக்கு அது பாலத்தோட நிழல் மாதிரி தெரிஞ்சுது. நீங்க பின்னாடி ஒரு பிள்ளைத்தாச்சியைப் படுக்க வெச்சிருந்தீங்க."

பரப்பிக் கிடந்த புத்தகங்களை அவளே அடுக்கி அவரிடம் கொடுத்தாள்.

புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் மாடி ஏறினார். கண்காணிப்பாளர் மயிலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "டிரைவர் பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டா, திரும்பச் சேர்க்கறது என் கையில இல்ல. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

ஒரு மணி நேரத்தில் மாற்று ஓட்டுநர் வந்து நின்றாள். வேலைக்குப் புதியவள். அவர் தோள்வரைகூட இல்லாத உயரம். வணக்கம் சொல்லவும் தயங்கி, கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். தன் பென்சில் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துச் செவிலியிடம் கொடுத்த ஓட்டுநர், திரும்ப வண்டிக்குள் குனிந்தார். இருக்கையின் அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தூக்கினார். வருஷக்கணக்காக அசையாத இருக்கை முரண்டு பிடித்தது. ஒரு முழங்காலை முட்டுக் கொடுத்து, கட், கட், கட் என்று அதை முன்னுக்குத் தள்ளினார், அவள் கால் பிரேக்கை எட்டும் இடம்வரை.