நாலு பெட்டிக்குள் ஒரு நாய்

உப்பும் கருவாடும் விற்கும் சாமியப்பனிடம் எடை குறைகிறது என்று அர்த்தனாரி ஒருநாளும் சண்டை போட்டதில்லை. தாள் விஷயத்தில்தான் விடமாட்டார். "ஏனுங்க, இது வேண்டாமுங்க. பொம்மைப் பெட்டி போட்ட தாளுல மடிங்க." பேளுக்குறிச்சிச் சந்தையில் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழாது.

கொல்லிமலையில் மிளகும் சாமையும் விளைவிப்பவர். நாற்பது வயது, முறுக்கிய கயிறு மாதிரி உடம்பு. எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் சேலத்துத் துரைமார் படித்துப் போட்டு, எடைக்கு வரும் இங்கிலீஷ் பத்திரிகையில் வாரந்தோறும் நாலு பெட்டியாக ஒரு படக்கதை ஓடுகிறது. ஒரு குண்டு மனிதர், அவருடைய குட்டை நாய். அதை இவர் ஒரு வாரமும் விட்டதில்லை. மலைக்குக் கொண்டுபோய், சாமைக் களத்தில் ஊரைக் கூட்டிச் சொல்வார்.

சந்தைக்குப் போன இடத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்த நான், அவருடைய ரசனையைக் கேட்டு அசந்துபோனேன். "ஓடறவன் காலுக்குப் பின்னால ரெண்டே கோடுங்க. மூச்சு வாங்கறது கேக்குது பாருங்க. ஒரு பெட்டியில கல்லைத் தூக்கறான், அடுத்ததுல சன்னல் ஒடஞ்சு கெடக்குது. எறிஞ்சதைப் படம் போட்டவன் எழுதலீங்க. நாமதான் எறியறோம்."

ஆட்களின் வாயருகே இருக்கும் வெள்ளை வட்டங்கள் மட்டும் பனிமூச்சு என்பது அவர் தீர்மானம். மார்கழியில் மலையில் வாயைத் திறந்தால் அப்படித்தானே வருகிறது. "குளிரூருங்க அது." அதெல்லாம் அவர்கள் பேசும் பேச்சு என்றேன். சிரித்தார். "இத்தனை பேசறவன் எப்படீங்க ஓடுவான்?"

போன வாரம் கடைசிப் பெட்டியில் நாய் வெள்ளத்தோடு போய்விட்டது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக் கண்ணாயி சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "பொழச்சுக்கும்னு வாக்குக் குடுத்துட்டனுங்க" என்றார் அர்த்தனாரி. சாமியப்பனோ இந்த வாரத் தாளில் சின்னாத்தாள் என்பவளுக்குக் கருவாடு மடித்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். அர்த்தனாரி சந்தை முழுக்க ஓடி அவளைப் பிடித்தார். தலைத்துண்டை அவிழ்த்து, கருவாட்டை அதில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். "துண்டு புதுசாட்ட இருக்குதுங்களே" என்று சின்னாத்தாளுக்கு ஒரே குஷி.

"பிரித்துப் பாருங்களேன்" என்றேன்.

"ஊரோட சேந்து பாக்கோணுமுங்க. எனக்கு மட்டும் முன்னால தெரிஞ்சா நல்லாயிருக்காது."

தாளை மடியில் செருகிக்கொண்டு மலை ஏறினார். நானும் கூடவே ஏறினேன். முழங்கால் விட்டுப்போயிற்று, ஆவல் விடவில்லை.

களத்தில் கண்ணாயிதான் முன்வரிசை. தாள் பிரிந்தது. முதல் மூன்று பெட்டியிலும் வெறும் தண்ணீர். கண்ணாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அங்க என்னக்கா இருக்குது, இங்க பாரு" என்றார் அர்த்தனாரி.

நாலாவது பெட்டியில் நாய் கரையேறி நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தது. துளிகள் பெட்டியின் கோட்டையும் தாண்டித் தெறித்தன. கண்ணாயி பார்த்தாள். அவள் சிரித்த சிரிப்பில் களமே கலகலத்தது. நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். அர்த்தனாரி தாளுக்கு மேல் குனிந்திருந்தார். முகத்தில் பட்ட தண்ணீரை உள்ளங்கையால் வழித்துக் கீழே உதறினார்.