செம்பருத்தி பறித்த காலை

கலிபோர்னியாவின் டப்ளினில், தம்பி வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன். வந்து மூன்று நாளாகிறது. பக்கத்து வீட்டு முகம் ஒன்றைக்கூட இன்னும் பார்க்கவில்லை. நடைபாதைப் பக்கம் சாய்ந்திருக்கும் செம்பருத்தியில் பூஜைக்கு இன்றும் நாலு பூ பறிக்கிறேன். ஊரில் இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

கார் ஒன்று என் பின்னாலேயே ஊர்ந்து வந்து நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது. ஓட்டுகிற பெண் என் நெற்றித் திருநீற்றையே பார்க்கிறாள்.

“தமிழா அங்கிள்?”

“ஆமாம்மா.”

“பாக்கெட்ல கை விடாதீங்க. மெதுவா வந்து ஏறுங்க. ரெண்டு நாளா உங்க வீடியோ தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஓடுது. யாரோ வீடு வீடா நோட்டம் விடறாங்கன்னு. இப்பதான் ஒருத்தர் போலீஸுக்கு கால் பண்ணியிருக்கார்.”

பூக்களோடு கையை விரித்தபடியே ஏறி உட்கார்கிறேன். தெருமுனையில் திரும்பிய போலீஸ் கார் எங்களை மெல்லக் கடக்கிறது. அது பின்கண்ணாடியில் மறைகிறது.

பிறகு எனக்குக் கோபம் வருகிறது. “நம்ம ஆளுதான்னு நீங்களாவது குரூப்ல சொல்லியிருக்கலாமேம்மா?”

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். “வாசல் கேமராவுல முகம் சரியா தெரியல அங்கிள். நீங்க பூ பறிச்சது எங்க வீட்டு செடி. வீடியோ போட்டதே நான்தான்.”